ஓஎம்ஆர் ரோடு, எம்ஆர்பி விலை, டிசி சான்றிதழ்: சுருக்கப்பெயருக்கு வால் எதற்கு?

சென்னையிலிருந்து தெற்கே போகும் பெரிய சாலைகளில் இரண்டை ஜிஎஸ்டி ரோடு, ஓஎம்ஆர் ரோடு என்கிறோம். கடைப் பலகை, வீட்டுமனை விளம்பரம், கூரியர் உறை எல்லாவற்றிலும் இப்படியேதான் எழுதுகிறார்கள். முதலாவதில் பிழை இல்லை. 'கிராண்ட் சதர்ன் டிரங்க்' என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள்தான் ஜி, எஸ், டி. ரோடு அதற்குள் இல்லாததால் வெளியே சொல்லியாக வேண்டும். இரண்டாவது அப்படியில்லை. 'ஓல்டு மகாபலிபுரம் ரோடு' என்பதைத்தான் ஓஎம்ஆர் என்று சுருக்கினோம். அதோடு இன்னொரு ரோடு சேர்த்தால் பழைய மகாபலிபுரம் ரோடு ரோடு என்றாகிறது. ஈசிஆர் ரோடும் ஓஆர்ஆர் ரோடும் இதே கதைதான்.

ஏடிஎம் மெஷின், பின் நம்பர், ஜிஎஸ்டி வரி, நீட் தேர்வு, எல்பிஜி கேஸ், எஃப்டி டெபாசிட் என்று இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மெய்ப்புத் திருத்துபவர்கள், ஆசிரியர்கள், அலுவலகக் கடிதம் எழுதுபவர்கள் பலருக்கும் இதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஊரே இப்படித்தானே பேசுகிறது, இதிலென்ன குற்றம் என்று கேட்பவர்களும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எரிச்சலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ஒரு சொல் வீணாகிறது என்பது, மிகச் சிறிய காரணம். பெரிய காரணம் வேறொன்று. அதற்குப் போகும்முன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

முதலில் மூன்று சொற்கள்

1. சுருக்கப்பெயர்: பல சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கிய பெயர். சில எழுத்தெழுத்தாக ஒலிக்கும்: ஏடிஎம், ஜிஎஸ்டி, இஎம்ஐ. சில ஒரே சொல்லாக ஒலிக்கும்: பான், பின், நீட், சிம். இதைச் சுருக்கெழுத்து என்று சிலர் எழுதுகிறார்கள். அது தட்டச்சுப் பயிலகத்தில் சொல்லித்தரும் ஷார்ட்ஹேண்ட், வேறு பொருள்.

2. விரிவு: சுருக்கப்பெயரைப் பிரித்தால் கிடைக்கும் முழுப்பெயர். பான் என்பதன் விரிவு 'பெர்மனென்ட் அக்கவுண்ட் நம்பர்', அதாவது நிரந்தரக் கணக்கு எண்.

3. வால்சொல்: விரிவில் ஏற்கெனவே உள்ள சொல்லை, சுருக்கப்பெயருக்குப் பின்னால் மறுபடி ஒட்டவைப்பது. பான் நம்பர் என்பதில் நம்பர் வால்சொல். பான் கார்டு என்பதில் கார்டு வால்சொல் இல்லை, ஏனென்றால் விரிவில் கார்டு கிடையாது.

இந்த வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் 2001 முதல் ஆர்ஏஎஸ் சிண்ட்ரோம் என்று ஒரு பெயர் இருக்கிறது. விரிவு 'ரிடன்டன்ட் அக்ரோனிம் சிண்ட்ரோம்', ஆகவே அதன் கடைசி எழுத்தே சிண்ட்ரோம்தான். பெயரே எடுத்துக்காட்டாகவும் இருக்கட்டும் என்று தெரிந்தே வைத்த பெயர் அது.

வால் எந்தெந்த வடிவில் வருகிறது

1. அதே சொல் அப்படியே. எஃப்டி டெபாசிட், எல்பிஜி கேஸ், ஐஎஃப்எஸ்சி கோடு, எல்சிடி டிஸ்ப்ளே, இபி போர்டு, என்ஓசி சர்டிபிகேட். எந்த மொழியிலும் நடப்பது இது.

2. அதே சொல்லின் தமிழாக்கம். ஜிஎஸ்டி வரி, எம்ஆர்பி விலை, டிசி சான்றிதழ், ஏடிஎம் இயந்திரம், ஐசிஎஃப் தொழிற்சாலை, ஜிஎச் ஆஸ்பத்திரி, விஐபி நபர்கள். தமிழில் இந்த வகைதான் மிகுதி. முன்னால் ஆங்கிலம், பின்னால் தமிழ் என்று இருப்பதால் ஒரே சொல் இருமுறை வருவது கண்ணில் படுவதில்லை. சிஎம்பிடி பேருந்து நிலையம் என்பது 2002இல் கோயம்பேட்டில் திறந்த நாளிலிருந்து புழங்கும் பெயர். அதில் பி, டி இரண்டும் பஸ் டெர்மினஸ். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டு, கேசிபிடி என்ற சுருக்கம் வந்த கையோடு அதற்கும் பேருந்து நிலையம் என்ற வால் வந்து சேர்ந்தது.

3. முன்னும் பின்னும். 'மாதாந்திர இஎம்ஐ தவணை'. இஎம்ஐ என்பது 'ஈக்வேட்டட் மன்த்லி இன்ஸ்டால்மென்ட்', சமமாக்கப்பட்ட மாதத் தவணை. மாதம் முன்னால் ஒருமுறை, தவணை பின்னால் ஒருமுறை, நடுவே இரண்டும் மறுபடி.

வால் காட்டுவது எதை, மறைப்பது எதை

மேலே சொன்ன பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு விரிவின் கடைசிச் சொல் பெரும்பாலும் பொதுச்சொல்: எண், வரி, விலை, தேர்வு, சான்றிதழ், அறிக்கை. அதன் முன்னால் நிற்பதுதான் பொருளைத் தீர்மானிக்கும் சொல். வால், வாசகருக்கு முன்பே தெரிந்த பொதுச்சொல்லைத் திரும்பச் சொல்லிவிட்டு, தெரியாத முன்சொல்லை எழுத்துகளுக்குள் பூட்டிவைத்துவிடுகிறது. விளக்கம் கொடுத்துவிட்ட தோற்றம் கிடைக்கிறது, விளக்கம் கிடைப்பதில்லை. இதனால் என்னென்ன புரியாமல் போகிறது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்:

1. மாதாந்திர இஎம்ஐ தவணை. வால்கள் இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 'சம' என்ற ஒரே சொல். கடன் வாங்கியவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். 10 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன், ஆண்டு வட்டி 9%, காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 8,997 ரூபாய். முதல் மாத வட்டி மட்டும் 7,500 ரூபாய் (10 லட்சத்தின் 9% என்பது 90,000, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 7,500). ஆகவே அந்த மாதம் அசலில் கழிவது 1,497 ரூபாய்தான். அடுத்தடுத்த மாதங்களில் வட்டி குறையக் குறைய அசல் பங்கு கூடும், மொத்தம் மட்டும் மாறாது. இப்படிச் சமப்படுத்தியிருப்பதைத்தான் 'ஈ' என்ற எழுத்து சொல்கிறது. 'மூன்று வருஷம் கட்டியும் அசல் அசையவே இல்லையே' என்று வங்கியில் போய்க் கேட்பவர்களுக்கு, இந்த ஒரு சொல்லை யாரும் விரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2. எம்ஆர்பி விலை. எம் என்பது 'மேக்ஸிமம்', அதிகபட்சம். பொட்டலப் பொருள்கள் மீதான சட்டமுறை எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட இந்த விலைக்குள் எல்லா வரிகளும் அடக்கம். கடைக்காரர் அதற்குக் குறைவாக விற்கலாம், கூட்டி விற்கக் கூடாது. எம்ஆர்பி விலை என்று சொல்லிச் சொல்லி 'அதிகபட்சம்' மறைந்து, 'அட்டையில் போட்டிருக்கும் விலை' என்ற பொருள்தான் மனத்தில் நிற்கிறது. அதன்மேல் 'ஜிஎஸ்டி வரி தனி' என்று பில் நீட்டினால் பலர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். அதிகபட்ச சில்லறை விலை என்று எழுதியிருந்தால் கேள்வி கேட்கத் தோன்றும்.

3. நீட் தேர்வு. விரிவில் இரண்டு வேலைகள் உள்ளன: எலிஜிபிலிட்டி, என்ட்ரன்ஸ். தகுதியைச் சோதிப்பது ஒன்று, சேர்க்கைக்கான தரவரிசை தருவது மற்றொன்று. பொதுப்பிரிவில் தகுதி பெற 50 பெர்சன்டைல் வேண்டும். அதாவது, எழுதியவர்களில் பாதிப்பேரின் மதிப்பெண்ணை எட்டியிருந்தால் போதும். இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு அது 40. இந்தக் கோட்டைத் தாண்டுபவர்கள் இருக்கும் இடங்களைவிடப் பல மடங்கு. அதனால்தான் 'நீட் தேர்வில் பாஸ், சீட் கிடைக்கவில்லை' என்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது. தேர்வு என்ற வாலோடு பார்ப்பவர் இதைப் பிளஸ் டூ பரீட்சை மாதிரி பாஸ், ஃபெயில் கணக்கில் வைத்துவிடுகிறார். தகுதி என்ற சொல் கண்ணில் பட்டிருந்தால் குழப்பம் பாதி குறையும்.

4. எஃப்ஐஆர் அறிக்கை. இது முதல் தகவல் அறிக்கை. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் ஒன்றைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு முதன்முதலாக வந்த தகவலின் பதிவு. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் வருகிறது, அதற்குமுன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு. விசாரணை அதன் பிறகுதான் தொடங்கும். குற்றப்பத்திரிகை அதற்கும் பின்னால் வரும். 'எஃப்ஐஆர் அறிக்கையில் தெரியவந்துள்ளது' என்று செய்தி எழுதும்போது, விசாரித்து முடித்துக் கொடுத்த அறிக்கை போன்ற எடை அதற்கு வந்துவிடுகிறது. ஒரு மனிதரின் பெயர் அடிபடும் இடம் இது. கவனமில்லாமல் எழுதக் கூடாது.

5. ஈசி சான்று. மனை வாங்குபவர் கேட்க வேண்டியது வில்லங்கம் உண்டா என்பது. அந்தச் சொல் 'ஈ' என்ற எழுத்துக்குள் ஒளிந்துவிட்டது. வில்லங்கச் சான்று என்ற தெளிவான பெயர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கேட்ட காலத்துக்குள் பதிவான பரிவர்த்தனைகளை மட்டும்தான் அது காட்டும். ஈசி சான்று இருக்கிறது என்று தரகர் சொன்னால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கேட்பது அடுத்த வேலை.

தமிழில் வால் முளைக்க வேறு காரணங்கள்

எழுதுபவரின் அசட்டை என்று முழுப்பழியையும் போட முடியாது. தமிழ் எழுத்துமுறையிலேயே சில காரணங்கள் இருக்கின்றன.

1. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்ததும் இது சுருக்கம் என்று தெரிந்துவிடும். தமிழில் 'பின்' என்று எழுதினால் அது 'பிறகு' என்ற பின்னா, பின்னால் என்ற பின்னா, குத்தும் பின்னா, ரகசிய எண்ணா? 'பின் உள்ளிடவும்' என்ற திரைக் கட்டளையை இருவிதமாகவும் படிக்கலாம். நெட் தேர்வு என்பதில் தேர்வு இல்லாவிட்டால் இணையம் என்று படிப்பார்கள். பெரிய எழுத்து செய்யும் வேலையைத் தமிழில் வால் செய்கிறது.

2. வேற்றுமை உருபு. தமிழ்ப் பெயர்ச்சொல் ஐ, கு, இல் என்று எதையாவது ஏற்றுக்கொண்டுதான் வாக்கியத்தில் நிற்கும். பான் என்பதோடு ஐ சேர்த்தால் பானை. 'பானை ஆதாருடன் இணைக்கவும்' என்று எந்த அலுவலரும் அச்சடிக்க முடியாது. அதனால் எண் என்ற வாலைச் சேர்த்து, உருபை அதன்மேல் ஏற்றி, 'பான் எண்ணை' என்று எழுதுகிறார்கள். இந்த இடத்தில் வாலுக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஆனாலும் 'பான் அட்டையை' என்றோ 'நிரந்தரக் கணக்கு எண்ணை' என்றோ எழுதினால் உருபும் நிற்கும், சொல்லும் இரட்டிக்காது.

3. ஒரே சுருக்கம், பல பொருள். இது தலைநகரில் தினசரிச் சிக்கல். ஜிஎஸ்டி என்பது 2017 ஜூலை 1க்குப் பிறகு வரியும்தான், தாம்பரம் வழியாகப் போகும் சாலையும்தான். ஓஎம்ஆர் என்பது சாலை, போட்டித் தேர்வில் வட்டம் கறுப்படிக்கும் விடைத்தாளும் அதுவே. டிடிஎஸ் என்றால் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் உண்டு, போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவும் உண்டு. டிசி பள்ளி மாற்றுச் சான்றிதழாகவும் நேர்மின்சாரமாகவும் இருக்கும். பின் இரண்டு வகை: ஏடிஎம்மில் அழுத்துவது ஒன்று, 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் துறை கொண்டுவந்த ஆறிலக்க 'போஸ்டல் இண்டெக்ஸ் நம்பர்' மற்றொன்று. முன்னதைப் பின் நம்பர், பின்னதைப் பின்கோடு என்று மக்கள் பிரித்துக்கொண்டார்கள். விரிவின்படி நம்பர் தேவையற்ற வால், கோடு விரிவிலேயே இல்லாத சொல். புழக்கத்தின்படி இரண்டும் தேவை. பேச்சுமொழி தானே கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு இது.

இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டா

உண்டு, நிபந்தனையோடு. ஒரே பொருள் தரும் இரு சொற்களை அடுத்தடுத்துச் சொல்வது ஒருபொருட்பன்மொழி. மீமிசை ஞாயிறு, உயர்ந்தோங்கிய மரம் ஆகியவை பள்ளிப் புத்தகத்து எடுத்துக்காட்டுகள். 'ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழா' என்பது நன்னூல். ஏதாவது சிறப்புக் கிடைக்குமானால் குற்றமில்லை என்று பொருள். அதே நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாகக் கூறியது கூறலையும் வைத்திருக்கிறது. இரண்டையும் பிரிக்கும் கோடு சிறப்புதான்: இரண்டாவது சொல்லால் வாசகருக்கு ஏதாவது கிடைத்ததா இல்லையா?

இன்னொரு இலக்கணமும் இங்கே பொருந்தும். சாரைப்பாம்பு, தைத்திங்கள், மல்லிகைப்பூ என்பவை இருபெயரொட்டுப் பண்புத்தொகை. சிறப்புப்பெயரை முன்னால் வைத்து, அது எந்த இனம் என்று பொதுப்பெயரால் முடிப்பது தமிழ் காதுக்கு இயல்பு. சாரை என்றாலே பாம்புதான், ஆனாலும் சாரைப்பாம்பு என்கிறோம். நீட் தேர்வு, ஏடிஎம் மெஷின், ஓஎம்ஆர் ரோடு ஆகியவை பேச்சில் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. பேசுபவருக்கு நீட் என்பது நான்கு சொற்களின் சுருக்கமாகவே இல்லை, அது ஒரு பெயர். ஞாண் என்றால் கயிறு என்பது மறந்துபோய் அரைஞாண் கயிறு என்று சொல்லி வருகிறோமே, அதே வழி. ஆகவே பேச்சில் யாரையும் இடைமறித்துத் திருத்துவது தேவையற்ற வேலை, மரியாதையும் இல்லை. அச்சுக்கும் படிவத்துக்கும் அறிவிப்புக்கும் மட்டும் கண்டிப்பு வேண்டும்.

பின், ஓடிபி: வால் ஆபத்தாகும் இடம்

மற்ற வால்களால் நேரம் வீணாகும், புரிதல் குறையும். இந்த இரண்டில் பணமே போகலாம்.

பின் என்பதில் முதற்சொல் 'பெர்சனல்', தனக்கு மட்டும் உரியது. பின் நம்பர் என்று சொல்லும்போது நிற்பது நம்பர், போவது 'தனக்கு மட்டும்'. ஓடிபியில் இன்னும் மோசம். அதன் கடைசி எழுத்து பாஸ்வேர்டு, நம்பர் அதன் விரிவிலேயே இல்லை. ஓடிபி நம்பர் என்று சொல்லும்போது பாஸ்வேர்டு என்ற எச்சரிக்கைச் சொல் போய், சாதுவான நம்பர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க சார்' என்று ஏமாற்றுபவர் கேட்பது இந்த மாற்றத்தை நம்பித்தான். 'உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க' என்று கேட்டால் பாதிப்பேர் போனை வைத்துவிடுவார்கள். ஒருமுறைக் கடவுச்சொல் என்ற தமிழ் வடிவம் நீளம்தான், ஆனாலும் வங்கி எச்சரிக்கைகளில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

படிவங்களில் கவனிக்க வேண்டியவை:

1. முகவரிப் பகுதியில் பின் என்றோ பின் நம்பர் என்றோ அச்சிடக் கூடாது. அஞ்சல் பின்கோடு ஆறிலக்கம். யுபிஐ பின் நான்கு அல்லது ஆறிலக்கம். ஆறு கட்டம் போட்ட இடத்தில் இரண்டும் சரியாகப் பொருந்தும். பதற்றத்தில் இருப்பவர் ரகசிய எண்ணை எழுதிக் கொடுத்துவிட வழி இருக்கிறது. 'அஞ்சல் குறியீட்டு எண் (எ.கா. 600 001)' என்று மாதிரியோடு போட்டால் அந்த வழி அடைபடும்.

2. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. கடையில் ஒட்டும் கியூஆர் அட்டையின் கீழே இந்த வரியை அச்சிட இடம் இருக்கும்.

3. ஐஎஃப்எஸ்சி என்று மட்டும் போட்டு, பதினொரு கட்டம் கொடுத்து, ஐந்தாவது கட்டத்தில் சுழியத்தை முன்கூட்டியே அச்சிட்டுவிடலாம். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை, நடுவில் உள்ளது எப்போதும் சுழியம். அதை ஆங்கில ஓ எழுத்தாக நினைத்து எழுதுவதுதான் இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. கோடு என்ற வாலைச் சேர்த்து எழுதினாலும் அந்தத் தவறு நிற்காது.

வால் போலத் தெரியும், ஆனால் வால் இல்லை

திருத்தும் ஆர்வத்தில் சரியானதையும் வெட்டிவிடுவது அடுத்த தொல்லை. இவற்றைத் தொட வேண்டாம்:

பிஎன்ஆர் எண். ரயில் டிக்கெட்டின் பத்திலக்கப் பதிவு. விரிவு 'பாசஞ்சர் நேம் ரெக்கார்டு', எண் அதில் இல்லை.

எம்ஐசிஆர் கோடு. காசோலையின் அடியில் காந்த மையில் அச்சாகும் ஒன்பது இலக்கம். கடைசி ஆர் 'ரெகக்னிஷன்', கோடு வெளியேதான் இருக்கிறது. ஐஎஃப்எஸ்சியும் இதுவும் ஒரே காசோலையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றை வெட்டும் கை இன்னொன்றையும் வெட்டிவிடுகிறது.

ஐஎம்இஐ எண், ஆர்டிஐ சட்டம், டாஸ்மாக் கடை, கேஎம்சி ஆஸ்பத்திரி, ஜிஎஸ்டி எண், சிசிடிவி கேமரா, எல்இடி பல்பு. எல்லாம் சரி. கேஎம்சியில் சி என்பது காலேஜ், ஆகவே ஆஸ்பத்திரி சேர்ப்பதே முறை. ஜிஎச் ஆஸ்பத்திரிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜிஎஸ்டி எண் சரியாக இருக்க, ஜிஎஸ்டிஐஎன் எண் மட்டும் பிழை: கடைசி என் நம்பர்தான்.

எச்ஐவி வைரஸ் என்பதை விதிப்படி வெட்ட வேண்டும். வெட்டாமல் விடுவதே நல்லது. இந்தியாவில் முதல் எச்ஐவி தொற்று 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் கண்டறியப்பட்டது. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எச்ஐவியையும் எய்ட்ஸையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். முன்னது வைரஸ், பின்னது அந்த வைரஸால் நோயெதிர்ப்பு ஆற்றல் மிகவும் குறைந்த நிலை. எச்ஐவி உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இல்லை, முறையாக மருந்து எடுப்பவர்கள் அந்த நிலைக்குப் போகாமலே வாழ்கிறார்கள். வைரஸ் என்ற வால் இந்த வேறுபாட்டை நினைவூட்டுகிறது. நன்னூல் கேட்ட சிறப்பு இதில் இருக்கிறது.

எழுத்தெண்ணிப் பார்த்தால்

குறுஞ்செய்தி அனுப்பும் அலுவலகங்களுக்கு வால் நேரடிச் செலவு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழ் யுனிகோடில் போவதால் 70தான். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டிலும் 67 எழுத்து மட்டுமே கொள்ளும், கட்டணம் துண்டுக்கு இவ்வளவு என்று விழும். யுனிகோடு கணக்கில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனி எழுத்து. 'ண்' என்றால் இரண்டு.

'மாதாந்திர இஎம்ஐ தவணைத் தொகை' என்பதை இந்தக் கணக்கில் எண்ணினால் இடைவெளி உட்பட 27. 'மாதத் தவணை' 10. 'இஎம்ஐ' மட்டும் 5. இயந்திரம் என்ற வாலுக்கு 9, அதற்கு முன்னால் விடும் இடைவெளியோடு 10. அதாவது எழுபதில் ஏழில் ஒரு பங்கு ஒரே வாலுக்குப் போகிறது. தேதி, தொகை, கணக்கின் கடைசி நான்கு இலக்கம் என்று வாடிக்கையாளருக்கு வேண்டியவை அந்த இடத்தில் வந்திருக்கலாம்.

திருத்தும் முறை

எழுதி முடித்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது:

1. சுருக்கப்பெயர் ஒவ்வொன்றின் விரிவையும் ஓரத்தில் எழுதவும். எழுத முடியாவிட்டால் தேடிப் பார்க்கவும். எழுதுபவருக்கே தெரியாத சுருக்கத்தை வாசகர்மேல் சுமத்தக் கூடாது.

2. பின்னால் உள்ள சொல் விரிவில் இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லாவிட்டால் அப்படியே விடவும், ஓடிபி நம்பர் மாதிரி பொருளை மறைக்கும் சொல்லை மட்டும் நீக்கவும். தமிழாக்கமாக ஒளிந்திருந்தாலும் இருப்பதாகவே கொள்ளவும்.

3. இருந்தால், அந்தச் சொல்லை நீக்கிவிட்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கவும். பானை, பின், நெட் மாதிரி வேறு பொருள் கிளம்பினால் வாலை வெட்டுவதோடு நிறுத்தாமல் சுருக்கத்தையே தமிழில் விரித்துவிடவும்.

4. சுருக்கத்துக்கு நல்ல தமிழ்ப்பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் அதையே எழுதவும். வில்லங்கச் சான்று, மாற்றுச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, மின்வாரியம், வைப்புத்தொகை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. எம்ஆர்டிஎஸ்ஸை நகரமே பறக்கும் ரயில் என்றுதான் சொல்கிறது. ஏடிஎம், ஜிஎஸ்டி, சிம் போன்றவற்றை வலிந்து தமிழாக்க வேண்டியதில்லை, வால் இல்லாமல் விட்டால் போதும்.

5. ஐடி என்ற இரண்டெழுத்தைத் தனியே விடவே கூடாது. 'ஐடி துறை' என்பதை வருமான வரித் துறை என்றும் தகவல் தொழில்நுட்பத் துறை என்றும் படிக்கலாம்.

மாதிரிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பலகையில் ஒட்டும் வகையான ஓர் அறிவிப்பு:

'எல்பிஜி கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் ஓடிபி நம்பர் சொல்லும்முன் ஐடி கார்டு பார்க்கவும். ஜிஎஸ்டி வரி உட்படப் பராமரிப்புத் தொகையைச் சங்கக் கணக்கில் கட்டவும். ஐஎஃப்எஸ்சி கோடு எண் கீழே உள்ளது. ஏடிஎம் மெஷின் ரசீது ஏற்கப்படாது. சிசிடிவி கேமரா பொருத்துவதால் இபி போர்டு அனுமதியுடன் நாளை 10 முதல் 12 மணி வரை மின்சாரம் இருக்காது.'

திருத்திய பிறகு:

'சமையல் எரிவாயு கொண்டுவருபவரின் அடையாள அட்டையைப் பார்த்த பிறகே ஓடிபியைச் சொல்லவும். பராமரிப்புத் தொகையை ஜிஎஸ்டி சேர்த்துச் சங்கக் கணக்கில் கட்டவும். ஐஎஃப்எஸ்சி கீழே உள்ளது. ஏடிஎம் ரசீது ஏற்கப்படாது. சிசிடிவி கேமரா பொருத்துவதால் மின்வாரிய அனுமதியுடன் நாளை 10 முதல் 12 மணி வரை மின்சாரம் இருக்காது.'

கேஸ், வரி, கோடு, மெஷின், போர்டு என்று ஐந்து வால்கள் போயின. விரிவில் இல்லாத இரண்டு சொற்களும் கூடவே போயின: ஓடிபியில் கடவுச்சொல்லை மறைக்கும் நம்பர், ஐஎஃப்எஸ்சியில் கோடுக்குப் பின்னால் வீணாக நின்ற எண். கேமரா நின்றது, அது சிசிடிவியின் விரிவில் இல்லாத சொல். ஐடி கார்டில் வால் எதுவும் இல்லை, ஐந்தாம் படியின்படி விரித்ததில் அது அடையாள அட்டை ஆயிற்று. எல்பிஜியை விரித்ததும் கேஸுக்கு வேலை இல்லாமல் போயிற்று, எரிவாயு என்ற சொல்லிலேயே அது அடக்கம்.